கட்டிய பணம் எங்கே போகிறது?



சில வாரங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை மாலைப் பூசை முடிந்து, ரூ பஜோல் நடைபாதையில் பிரசாதத்துடன் நாம் சிலர் நின்று கதைத்துக்கொண்டிருந்தோம். அப்போது பெரியவர் ஒருவர் தமது சம்பளத்துண்டைப் பையிலிருந்து எடுத்து எம்மிடம் நீட்டினார். "தம்பி, நீங்கள் கணக்குப் படிச்ச ஆள். பாருங்கோ, இதிலை எவ்வளவு வெட்டுறாங்கள் எண்டு. நான் பத்து வருசமா ஆஸ்பத்திரிப் பக்கமே போகேல்லை. நேற்று வந்து இறங்கினவன் சும்மா வைத்தியம் பார்க்கிறான். இது எந்த ஊர் நியாயம்?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற பலரும் தலையாட்டினர்.

அவர் கெட்ட மனம் கொண்டவர் அல்லர். ஆண்டு தவறாமல் அன்னதானத்துக்கு அரிசி மூட்டை தருபவர். ஆகவே அவருடைய கேள்வியைப் பொறாமை என்று ஒதுக்கிவிட எமக்கு மனம் வரவில்லை. நோயில்லாதவன் நோயாளிக்காக ஏன் பணம் கட்ட வேண்டும்? அப்படிக் கட்டுவது தருமமா, கடமையா? நோயாளி பெறுவது உதவியா, உரிமையா? நடைபாதையில் நின்று பதில் சொல்லக்கூடிய கேள்விகள் அல்ல இவை. எனவே இந்த இதழில் எமக்குத் தெரிந்த அளவில் எழுத முற்படுகிறோம்.

சீட்டும் காப்புறுதியும்

எம்மவர் மத்தியில் நன்கு வேரூன்றிய பண ஏற்பாடு சீட்டு என்பது யாவரும் அறிந்ததே. வங்கி கடன் தர மறுத்த காலத்தில் கடை போட்டதும், ஊரில் இருந்த தங்கையின் கலியாணத்தை ஒப்பேற்றியதும், தம்பியை வெளியில் எடுத்ததும் சீட்டுக் காசில்தான். 20 பேர் சேர்ந்து மாதம் 500 ஈரோ போட்டால் 10,000 ஈரோ சேரும். அவசரக்காரர் கழிவு விட்டு முதலில் எடுப்பார். பொறுமைசாலி கடைசியில் எடுப்பார். ஆனால் 20 மாதம் முடியும்போது கட்டிய ஒவ்வொருவரும் எடுத்தும் இருப்பார். எடுக்காமல் போனவர் ஒருவர் இருந்தால் அவர் ஏமாற்றப்பட்டவர்.

இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் நாம் செக்யூரிற்றே சோசியலையும் பார்க்கிறோம். "நான் கட்டினேன், நான் எடுக்கவில்லை, ஆகவே யாரோ என்னை ஏமாற்றுகிறார்கள்" என்பது சீட்டுக் கணக்கு. காப்புறுதியின் கணக்கு இதற்கு நேர்மாறானது. இங்கே எடுக்காதவரே அதிர்ஷ்டசாலி. அதிகம் எடுத்தவர் யார் என்று பார்த்தால், சிறுநீரகம் பழுதாகி வாரத்துக்கு மூன்று நாள் இயந்திரத்தோடு படுத்திருப்பவர், அல்லது புற்றுநோய்க்கு ஊசி ஏற்றிக்கொண்டிருப்பவர். அவருடைய இடத்தை எம்மில் யாராவது கேட்டு வாங்குவோமா?

கணக்குத் தொழிலில் செலவு வேறு, நட்டம் வேறு. கடைக்குத் தீக்காப்புறுதி கட்டிய முதலாளி, ஆண்டு முடிவில் "கடை எரியவில்லையே, காசு வீணாகப் போய்விட்டதே" என்று அழுவதில்லை. அவர் வாங்கியது நெருப்பை அல்ல, நிம்மதியை. எமது பெரியவரும் அவ்வாறே பத்து ஆண்டுகளாக ஒன்றை வாங்கிப் பெற்றுக்கொண்டுதான் இருக்கிறார். நடுச்சாமத்தில் நெஞ்சு வலித்தால், காசை எண்ணிப் பார்க்காமல் 15ஆம் இலக்கத்துக்கு அடிக்கலாம் என்ற துணிவே அது.

வாசல் திறந்த வரலாறு

இந்த ஏற்பாடு ஒரே நாளில் வந்ததல்ல. எமது ஆலயத்திலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் லாரிபுவாசியேர் வைத்தியசாலை இருக்கிறது. எமது பிள்ளைகள் பலர் அங்கே பிறந்திருக்கிறார்கள். 1832இல் பாரிஸ் நகரைக் கொள்ளைநோய் வாட்டிய பின்னர் திட்டமிடப்பட்டு, 1854இல் திறக்கப்பட்ட வைத்தியசாலை அது. தமது சொத்தை நகருக்கு எழுதிவைத்த ஒரு சீமாட்டியின் பெயரே அதற்கு வழங்குகிறது. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியும் ஏறக்குறைய அதே காலத்தில், 1850இல், அன்றைய அரசாங்க அதிபர் பெர்சிவல் டைக்கின் முயற்சியால் ஒரு தரும சங்கத்தின் வைத்தியசாலையாகத் தொடங்கியதுதான். இரண்டு ஊரிலும் ஆரம்பம் ஒன்றே. பணக்காரர் மனமிரங்கித் தந்தார், ஏழை கைகூப்பிப் பெற்றார்.

பிரான்சில் 1893ஆம் ஆண்டுச் சட்டம் ஏழைகளுக்கு இலவச வைத்தியம் என்றது. ஆனால் அதற்கு ஒருவர் தாம் ஏழை என்று ஊர்ப் பட்டியலில் பெயர் பதிய வேண்டும். நோயோடு வெட்கத்தையும் சுமக்க வேண்டும் என்பதே இதன் பொருள்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, நாடே வறுமையில் கிடந்த 1945 ஒக்டோபரில், செக்யூரிற்றே சோசியல் பிறந்தது. பியேர் லறோக் என்ற அதிகாரி திட்டம் வகுத்தார். தொழில் அமைச்சர் அம்புறுவாஸ் குறுவாசா அதை நாடெங்கும் நடைமுறைப்படுத்தினார். இயன்ற அளவு கட்டு, தேவையான அளவு எடு என்பது அதன் அடிப்படை. கையேந்தி நின்றவன் அன்று பங்காளியானான். ஆயினும் அந்த வாசலுக்குள் போகும் வழி வேலைதான். வேலை செய்பவரும் அவரது குடும்பமும் உள்ளே, மற்றவர் வெளியே. 1978இல் வந்த ஒரு சட்டம் மற்றவர்களும் தாமாகக் கட்டிச் சேர வழிசெய்தது. ஆனால் வேலையில்லாதவர் தவணைப் பணத்துக்கு எங்கே போவார்?

எமக்கு முன் வந்த அண்ணன்மார் இதை அனுபவித்தவர்கள். 1983க்குப் பின் வந்து இறங்கியவர்கள் அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுச் சட்டப்படி வேலை செய்யலாம். வேலை கிடைத்தால் காப்புறுதியும் கிடைத்தது. 1991 செப்டெம்பரில் வந்த சுற்றறிக்கை விண்ணப்பகாரரின் அந்த வேலை உரிமையை எடுத்துவிட்டது. 1993ஆம் ஆண்டுச் சட்டம், விசா இல்லாதவர் கட்டியிருந்தாலும் காப்புறுதியில் சேர முடியாது என்றது. பல்லு வலியை உப்புத் தண்ணீரால் கொப்பளித்தே ஆற்றிய கதைகளும், ஒருவருடைய மருந்துத் துண்டில் மூவர் மருந்து எடுத்த கதைகளும் அக்காலத்தவை.

பெரிய மாற்றம் 1999 ஜூலை 27ஆம் திகதிச் சட்டத்தோடு வந்தது. அன்றைய அமைச்சர் மார்த்தின் ஓப்ரி கொண்டுவந்த அச்சட்டம் 2000 ஜனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது. நாம் சே.எம்.யு என்று சொன்னது அதைத்தான். அடிப்படைக் காப்புறுதியே இல்லாதிருந்த ஏறத்தாழ 150,000 பேருக்கு அது வழிவிட்டது. அதைவிட முக்கியமாக, தனி ஒருவருக்கு மாதம் 3,500 பிராங்குக்குக் குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு மூச்சுவல் என்னும் மேலதிகக் காப்புறுதியையும் இலவசமாக்கியது. விசா இல்லாதவர்களுக்கு ஆ.எம்.இ என்னும் அரச மருத்துவ உதவியையும் அதே சட்டமே ஏற்படுத்தியது.

பின்னர் 2016இல் 'புமா' ஏற்பாடு சே.எம்.யுவின் அடிப்படைப் பகுதியின் இடத்தை எடுத்தது. வேலை செய்பவருக்கு வேலையின் பேரிலும், மற்றவருக்கு நிலையாகவும் சட்டப்படியும் இந்நாட்டில் வசிப்பதன் பேரிலும் உரிமை என்றாயிற்று. அதே ஆண்டு முதல் தனியார் முதலாளிகள் தொழிலாளருக்கு மூச்சுவல் எடுத்து, அதில் குறைந்தது அரைவாசியைத் தாம் கட்ட வேண்டும் என்பதும் கட்டாயமானது. 2019 நவம்பரில் ஏழைகளுக்கான மேலதிகக் காப்புறுதி சே.எஸ்.எஸ் என்ற பெயரில் ஒன்றாக்கப்பட்டது. வருமானம் எல்லைக்குக் கீழே இருந்தால் இலவசம். எல்லையைத் தாண்டி 35 வீதம் வரை இருந்தால், வயதுக்கேற்ப மாதம் 8 ஈரோவிலிருந்து 30 ஈரோ வரை கட்டிச் சேரலாம்.

இந்த நீண்ட வரலாற்றைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. 1893இல் கருமபீடத்தில் கேட்ட கேள்வி "நீ எவ்வளவு ஏழை?" என்பது. 1945இல் கேட்டது "நீ என்ன வேலை செய்கிறாய்?" என்பது. 2000க்குப் பின் கேட்பது "நீ எங்கே வசிக்கிறாய்?" என்பது. வாசல் அகன்றது பணத்தால் மட்டுமல்ல, கேட்ட கேள்வி மாறியதாலும்தான்.

எல்லோரும் சேராவிட்டால்

"எனக்கு வேண்டாம், நான் கட்டவில்லை, விட்டுவிடுங்கள்" என்று ஏன் சொல்ல முடியாது? இளைஞரும் திடகாத்திரமானவரும் விலகிக்கொண்டால் நோயாளிகள் மட்டும் மிஞ்சுவர். தவணைப் பணம் ஏறும். ஏறியதும் இன்னும் சிலர் விலகுவர். ஈற்றில் காப்புறுதி யாருக்கு வேண்டுமோ அவரால் அதை வாங்க முடியாது.

அமெரிக்காவில் நடந்தது இதுவே. அங்கே தனியாகக் காப்புறுதி வாங்கப் போனால், முன்பே நோய் இருப்பவரைக் கம்பனி மறுத்துவிடலாம் என்றிருந்தது. 2010 மார்ச்சில் ஜனாதிபதி ஒபாமா ஒப்பமிட்ட சட்டம், 2014 முதல் அப்படி மறுக்கக்கூடாது என்றது. குறைந்த வருமானத்தாருக்கு மானியமும் தந்தது. 2010இல் காப்புறுதி இல்லாதவர் தொகை 4 கோடி 80 இலட்சம் அளவில் இருந்தது. 2023 ஆகும்போது அது ஏறக்குறையப் பாதியாகியது.

சுவிற்சர்லாந்தில் 1996 முதல் காப்புறுதி எல்லோருக்கும் கட்டாயம். எந்தக் கம்பனியும் அடிப்படைக் காப்புறுதிக்கு யாரையும் மறுக்க முடியாது. இது நல்லதே. ஆனால் தவணைப் பணம் வருமானத்தைப் பார்ப்பதில்லை. வங்கி அதிகாரியும் சமையல்கூடத்தில் கோப்பை கழுவுபவரும் ஒரே தொகை கட்டுவர். கஷ்டப்பட்டவருக்கு மாநிலம் மானியம் தரும். மாதத் தவணையைக் குறைப்பதற்காக, ஆண்டுக்கு முதல் 2,500 பிராங்கைத் தாமே கட்டும் வகையை எடுத்துவிட்டு, பிறகு அந்தக் காசுக்குப் பயந்து வைத்தியரிடம் போகாதிருக்கும் உறவினர் எம்மில் பலருக்கு அங்கே உண்டு. அட்டை கையில் இருந்தால் மட்டும் போதாது, பயமில்லாமல் அதைப் பாவிக்கவும் முடிய வேண்டும்.

பெரியவரின் சம்பளத்துண்டுக்கு வருவோம். தனியார் துறையில் தொழிலாளியிடம் வெட்டிய நோய்க்காப்புறுதிப் பணம் 2018 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. அதற்குப் பதிலாக, 1991இல் தொடங்கிய சே.எஸ்.ஜே என்ற பொது வரி 9.2 வீதமாக உயர்ந்தது. அந்த வரியைத் தொழிலாளி மட்டுமல்ல, வீடு வாடகைக்கு விட்டுச் சம்பாதிப்பவரும் கட்டுகிறார். சம்பளத்துக்கேற்பக் கட்டுவதால், கோப்பை கழுவுபவர் அதிகாரியின் தொகையைக் கட்ட வேண்டியதில்லை. இதுவே இந்த ஏற்பாட்டின் நீதி.

நேற்று வந்தவர்

இனிப் பெரியவரின் கடினமான கேள்வி. கட்டாதவன் எடுக்கலாமா?

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஆ.எம்.இயின் செலவு ஆண்டுக்கு ஒரு பில்லியன் ஈரோவுக்குச் சற்று மேல். நாட்டின் மொத்த நோய்க்காப்புறுதிச் செலவில் அது நூற்றுக்கு அரைப்பங்கு அளவே. 2023 நவம்பரில் செனற் சபை இதை நீக்கி, அவசர சிகிச்சைக்கு மட்டும் என்று சுருக்க வாக்களித்தது. பின்னர் அது சட்டமாகவில்லை. அகதி விண்ணப்பம் போட்ட வளர்ந்தோரும் 2020 முதல் புமாவுக்கு மூன்று மாதம் காத்திருக்க வேண்டியுள்ளது. ஆகவே "வந்து இறங்கியதும் எல்லாம் இலவசம்" என்ற பேச்சு உண்மையல்ல. ஆரம்பத்தில் பார்க்காத சலரோகம் பிறகு காலை எடுப்பதில் முடிகிறது. பார்க்காத காசநோய் ஒரே அறையில் படுக்கும் ஆறு பேருக்கும் தொற்றுகிறது. சுருக்கினாலும் இலாபம் எமக்கு இல்லை.

ஆனால் இலாப நட்டம் மட்டும் இதற்குப் பதிலாகாது. செலவு கூடியிருந்தால் அவரைத் தெருவில் விட்டுவிடலாமா என்ற கேள்வி பிறகும் நிற்கும். நாம் யாருடைய பணத்தில் வளர்ந்தோம் என்று ஒருகணம் யோசித்துப் பார்ப்போம். இலங்கையில் அரச வைத்தியசாலையில் துண்டு வெட்டி மருந்து எடுத்தபோது எமது தாய் ஒரு சதமும் கொடுக்கவில்லை. அது சும்மா வந்ததா? சீனிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரி கொடுத்தவர்கள், மலையில் தேயிலை கிள்ளியவர்கள் எல்லோருடைய உழைப்பும் அந்த மருந்துக் குப்பிக்குள் இருந்தது. அந்தத் தோட்டத் தொழிலாளி எம்மை ஒருநாளும் கண்டதில்லை, "யாழ்ப்பாணத்தானுக்கு நான் ஏன் கொடுக்க வேண்டும்?" என்று எம்மிடம் வந்து கேட்டதும் இல்லை. இங்கே வந்த பின்பும், எமது பெயரைக்கூட உச்சரிக்கத் தெரியாத ஒருவர் கட்டிய பணத்தில்தான் எமது முதல் காய்ச்சலுக்கு மருந்து கிடைத்தது. வாங்கிய கடனைத் தந்தவரிடமே திருப்பிக் கொடுக்க முடியாதபோது, அடுத்து வருபவரிடம் கொடுப்பதே முறை. நேற்று வந்தவர் எமது கடன்காரர் அல்லர். எமது கடனைத் தீர்க்க வந்த வழி.

எமது பக்கத்துத் தவறு

இவ்விடத்தில் கசப்பான ஒன்றையும் சொல்லாமல் விட முடியாது. நேற்று வந்தவரைக் குறை சொல்லும் எம்மவரிலேயே, பாதிச் சம்பளம் துண்டில், மீதி கையில் என்று வேலை கொடுப்போரும் வாங்குவோரும் உள்ளனர். எமக்குத் தெரிந்த ஒரு சமையல் தொழிலாளி மாதம் 1,800 ஈரோ உழைத்தார்; துண்டில் காட்டியது 900. இருவருக்கும் இலாபம் என்றே அனைவரும் நினைத்தனர். ஒருநாள் முதுகெலும்பு விலகி நாலு மாதம் படுத்துவிட்டார். நோய்க்காலப் படி துண்டில் உள்ள சம்பளத்தில் அரைவாசி. அதுவும் முதல் மூன்று நாள் கழித்து. ஆக 1,800இல் வாழ்ந்த குடும்பம் ஏறக்குறைய 450இல் நின்றது. வீட்டு வாடகைக்கு மனைவியின் தாலிக்கொடி அடகுக்குப் போயிற்று. துண்டில் இல்லாத 900க்கு ஓய்வூதியமும் இல்லை என்பது அவருக்கு இன்னும் முழுதாக விளங்கியிருக்காது.

துண்டில் குறைத்துக் காட்டி, இலவச சே.எஸ்.எஸ் எடுத்துக்கொள்வோரும் இல்லாமலில்லை. விசா இல்லாதவர் வாசலில் நின்று உள்ளதைச் சொல்லி ஆ.எம்.இ கேட்கிறார், நாம் உள்ளே இருந்துகொண்டு இல்லாததைச் சொல்லி எடுக்கிறோம். இதில் எது பெரிய பிழை? எமது தொழிலில் உள்ளவர்களும் இதில் சுத்தவாளிகள் அல்லர். "துண்டில் எவ்வளவு போடுவம்?" என்று கேட்கப்பட்ட இடத்தில், வாடிக்கையாளர் போய்விடுவாரே என்று வாய் மூடி இருந்த நாட்கள் எமக்கும் உண்டு. எழுதும்போது கை கூசுகிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

பந்தியில் இருக்க வெட்கமில்லை

இன்னொரு பக்கம், உண்மையாகவே உரிமை உள்ளவர் எடுக்காதிருப்பதும் உண்டு. சே.எஸ்.எஸ் பெறத் தகுதியுள்ளவர்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோர் அதைப் பெறுவதில்லை என்பது அரசின் கணிப்பு. 2019இல் பாரிஸ், போர்தோ பகுதிகளில் நடந்த ஓர் ஆய்வில், ஆ.எம்.இக்குத் தகுதியுள்ளவரில் பாதிப் பேரே அதை வைத்திருந்தது தெரியவந்தது. பிரெஞ்சு படிவம் விளங்காமை ஒரு காரணம். வெட்கம் இன்னொன்று. "அது பிச்சைக் காசு, எங்களுக்கு வேண்டாம்" என்று சொல்லும் அம்மாமாரை நாம் அறிவோம். 2024 டிசம்பர் முதல் குடும்ப வைத்தியருக்கு 30 ஈரோ. அதில் 70 வீதத்தில் 2 ஈரோ கழித்து 19 ஈரோ திரும்பி வரும். மூச்சுவல் இல்லாவிட்டால் மீதி 11 ஈரோ எமது கையால். வைத்தியரிடம் ஒருமுறை போக அது பெரிய தொகையல்ல. ஆனால் பல்லுக்கும் கண்ணாடிக்கும் வைத்தியசாலைப் படுக்கைக்கும் சேர்ந்தால் ஒரு கிழவியின் மாதச் சாப்பாடு போய்விடும். சே.எஸ்.எஸ் உள்ளவர் வைத்தியரிடமும் வைத்தியசாலையிலும் எதுவும் கட்டத் தேவையில்லை.

அப்படி வெட்கப்படுவோருக்கு ஒன்று கூறுவோம். ஆலயத்தில் அன்னதானப் பந்தி போடும்போது, இலைக்கு முன் இருப்பவரிடம் "நீர் எவ்வளவு உபயம் கொடுத்தீர்?" என்று எவரும் கேட்பதில்லை. அரிசி மூட்டை தந்தவரும் ஒன்றும் தராதவரும் ஒரே வரிசையில் இருந்து ஒரே சாம்பாரைச் சாப்பிடுகிறார்கள். ஊரிலே எல்லோரும் ஒரே பந்தியில் இருக்க முடியாத காலம் ஒன்று இருந்தது என்பதை நாம் மறக்கலாகாது. அதை மாற்றப் பலர் அவமானப்பட்டார்கள், அடிபட்டார்கள். இன்று பந்தியில் இருப்பவர் பிச்சை எடுப்பவர் அல்லர். அங்கே இருக்க உரியவர். செக்யூரிற்றே சோசியலும் அப்படி ஒரு பந்திதான். இயன்றவர் அரிசி போட வேண்டும், பசித்தவர் வெட்கப்படாமல் இருக்க வேண்டும், அரிசி போட்டதாகப் பொய்க்கணக்குக் காட்டக்கூடாது. இம்மூன்றில் எது தவறினாலும் பந்தி கலைந்துவிடும்.

எமது ஆலய சபைக்கு ஒரு தாழ்மையான வேண்டுகோள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் பின் ஒரு மேசையும் இரண்டு கதிரையும் போடுவோம். இங்கே பிறந்து பிரெஞ்சு சரளமாகப் பேசும் எமது பிள்ளைகள் படிவம் நிரப்ப உதவட்டும். கணக்குத் தெரிந்தவர்கள் நாம் பக்கத்தில் இருக்கிறோம். சம்பளத்துண்டை வாசித்து விளங்கப்படுத்துவோம். குறைத்து எழுதச் சொன்னால் மாட்டோம் என்றும் சொல்வோம்.

பெரியவருக்கு நாம் அன்று சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: "ஐயா, நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் கட்டிய பத்து வருசக் காசு வீணாகப் போகேல்லை. அது எங்கேயோ ஒரு கட்டிலிலை ஒருத்தரை எழுப்பி இருத்தியிருக்கு." அவர் துண்டை மடித்துப் பையில் வைத்தார். "அப்ப, அரிசி மூட்டை மாதிரித்தான் எண்டு சொல்லுறீர்" என்றார். ஆம் ஐயா, அப்படித்தான். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. அரிசி மூட்டை தராவிட்டால் ஒருவரும் கேட்க மாட்டார்கள். இதைத் தராவிட்டால், அடுத்த முறை பந்தியில் இலையே இருக்காது.

எல்லோரும் நோயற்று வாழ விநாயகப் பெருமான் அருள் புரிவாராக. நோய் வந்தவர் எவரும் வாசலில் நிற்க நேராமலிருக்க எமக்கு நல்ல புத்தியையும் தருவாராக.